பொதுமை காணப்படுவதா, கருதப்படுவதா? இந்திய அளவையியலில் ஒரு வழக்கின் வரலாறு

நிறத்தாலும் உருவாலும் வேறுபட்ட பல பசுக்களை 'பசு' என்னும் ஒரே பெயரால் வழங்குவதற்கு அடிப்படையான பொதுத்தன்மை அப்பொருள்களிலேயே உள்ளதா, அன்றி அறிவு தானே புனைந்து அவற்றின்மேல் ஏற்றுவதா என்ற வினா, இந்திய மெய்யியலில் ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த வழக்காகும். பொதுமை உண்மைப் பொருளாயின் பசுவைக் காணும் கண் பசுத்தன்மையையும் உடன் காண்கிறது என்றாகும். புனைவாயின், தூய காட்சியில் அதற்கு இடமில்லை. ஆகவே, பொதுமை பற்றிய இவ்வழக்கு தொடக்கத்திலிருந்தே காட்சி அளவை, அதாவது புலன்வழி நேரே பெறும் அறிவு, எத்தகையது என்னும் வழக்காகவும் இருந்தது.

கணாதரின் வைசேடிக சூத்திரம் பொதுமை, சிறப்பு என்னும் இரண்டையும் அறிவைச் சார்ந்தவையாகக் கூறுவது, பின்னாளைய வைசேடிகரின் உறுதியான நிலைப்பாட்டோடு எளிதில் பொருந்துவதில்லை. பின்வந்த பிரசஸ்தபாதர், பொதுமை (சாமானியம்) என்பது ஒன்றாகவும் அழிவற்றதாகவும் இருந்து பலவற்றில் பிரிவின்றி ஒன்றி நிற்கும் தனிப் பொருள்வகை என வரையறுத்து, அந்த நெகிழ்வை நீக்கினார்.

இதற்கு நேர்மாறான நிலையை முழுமையான அளவையியலாக வகுத்தவர் கி.பி. 5–6ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவராகக் கருதப்படும் பௌத்த ஆசிரியர் திக்நாகர். காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் எனத் திபெத்திய வரலாறுகள் குறிப்பிடும் இவர், 'பிரமாண சமுச்சயம்' என்னும் நூலில் அளவைகள் காட்சி, கருதல் (அனுமானம்) என இரண்டே என்றார். அறியப்படுவன இரண்டே ஆதலின் அளவைகளும் இரண்டாயின என்பது அவர் வாதம். எதனோடும் ஒப்பில்லாத தனித்தன்மை (சுவலட்சணம்) காட்சிக்கு உரியது. பலவற்றிற்குப் பொதுவான தன்மை (சாமானியலட்சணம்) கருதலுக்கு உரியது. பெயர், சாதி, குணம், தொழில், பொருள் ஆகியவற்றோடு இணைத்து அறிவதாகிய கற்பனை கலவாததே காட்சி. அவ்வாறாயின் 'பசு' என்னும் சொல் எதைக் குறிக்கிறது? பசு அல்லாதவற்றை விலக்குவதே அச்சொல்லின் பணி என்பது அவர் விடை. அபோகம், அதாவது விலக்கல், என்னும் இக்கோட்பாடு, என்றுமுள்ள பொதுமைகளைப் பொருளுலகில் ஏற்காமலே மொழி இயங்குவதை விளக்க முயன்றது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. பசு இன்னதென முன்னரே அறியாதவர் பசு அல்லாதவற்றை எவ்வாறு விலக்குவார் என்று நியாய ஆசிரியர் உத்தியோதகரரும் மீமாஞ்சகர் குமாரிலரும் கேட்டனர். அபோகக் கொள்கைக்கு இதனினும் வலிய தடை அதன்பின் எழவில்லை எனலாம். பௌத்தரான தருமகீர்த்தி (7ஆம் நூற்றாண்டு) இதற்குக் காரியத்தின்வழி விடை தேடினார்: ஒன்றோடொன்று ஒவ்வாத பல மூலிகைகள் தமக்குள் ஒரு பொதுப்பொருள் இல்லாமலே காய்ச்சலைத் தணிப்பது போல, தனித்தனிப் பொருள்கள் ஒரே வகையான பயனையும் அறிவையும் விளைவிக்கக்கூடும், அப்பயனொப்புமையே பொதுமை என்னும் கருத்துக்கு வித்து. அபோகத்தை மறுத்த குமாரிலரும் பெயரும் சாதியும் பிரித்தறியப்படாத ஒரு முதற்காட்சி உண்டென்றும், அது குழந்தைகளின் அறிவை ஒத்தது என்றும் ஒப்பினார். 10ஆம் நூற்றாண்டில் வாசஸ்பதி மிசிரர், நியாய சூத்திரத்தின் காட்சி இலக்கணத்திலேயே நிருவிகற்பம் (பாகுபடாத காட்சி), சவிகற்பம் (பாகுபடுத்தி அறியும் காட்சி) என்னும் இரு நிலைகளும் கூறப்பட்டுள்ளன எனப் பொருள் கொண்டார். பௌத்தர் எழுப்பிய பிரிவினை இவ்வாறு அவரை மறுத்தோரின் நூல்களுக்குள்ளும் நிலைபெற்றது.

இவ்வழக்கின் தமிழ்ப் பதிவுகளுள் முதன்மையானது மணிமேகலையின் 29ஆம் காதை. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையியலைக் கற்பிக்கும் இப்பகுதி, அளவை இரண்டே என வரையறுத்துக் காட்சியைச் சுட்டுணர்வு என்று பெயரிட்டு, பெயர், சாதி, குணம், தொழில் என்னும் நான்கையும் அதனின்று நீக்குகிறது. இக்காதையின் ஏதுப்போலி முதலிய பகுதிகள் சங்கரசுவாமியின் 'நியாயப் பிரவேசம்' என்னும் வடமொழி நூலோடு பெரிதும் ஒத்திருப்பதால், காப்பியத்தின் காலம் பற்றி நெடிய விவாதம் எழுந்தது; எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்கார் அதனைத் திக்நாகருக்கு முற்பட்டதாகக் கொள்ள, பிற்பட்டதெனக் கொண்டோரும் உளர். காலவிவாதத்திலேயே ஆய்வாளர் கவனம் முழுதும் சென்றமையால், நுட்பமான அளவையியலைச் செய்யுளில் அமைத்த அருமை போதிய அளவு போற்றப்படவில்லை.

வேதாந்தத்துள் இராமானுசர் இவ்வழக்கை வேறு வழியில் தீர்த்தார். எத்தன்மையும் அற்ற பொருள் அறியப்படுவதே இல்லை. ஓர் இனத்தின் முதற் பொருளைக் காண்பது நிருவிகற்பம், அவ்வினத்தின் பிறவற்றைக் கண்டு அதே அமைப்பு தொடர்வதை உணர்வது சவிகற்பம் என்பது அவர் முடிவு.

சைவ சித்தாந்தத்தில் இவ்வழக்கு அடைந்த நிலையே மிகுந்த கவனத்திற்குரியது. 13ஆம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தப் பிரிவுகளை ஒவ்வொன்றாக மறுக்கிறார். ஆயினும் சுபக்கத்தின் அளவைப் பகுதியில் விகற்ப உணர்வுக்கு அவர் கூறும் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் திக்நாகர் கூறிய ஐந்தே. வாயில், மனம், தன்வேதனை, யோகம் என்னும் அவருடைய நால்வகைக் காட்சி தருமகீர்த்தியின் நால்வகையோடு பெயரளவில் ஒத்தது. பிற இனத்தினின்றும் தன் இனத்தினின்றும் வேறுபட்டு நிற்பது தன்னியல்பு, பிற இனத்தை நீங்கித் தன் இனத்தோடு ஒத்து நிற்பது பொதுவியல்பு என அவர் வகுக்கும் இலக்கணத்தில், பொதுமையை விலக்கலின்வழிச் சுட்டும் பௌத்த முறையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. வேறுபாடு அடிப்படையில் உள்ளது: பௌத்தர் மறுத்த நிலையான ஆன்மாவையே சித்தாந்தம் அறிபவனாகக் கொள்கிறது, பிற்கால உரைமரபில் சிவஞான முனிவர் ஆன்மாவின் அறிவாற்றலாகிய சிற்சத்தியே உண்மையான அளவை என நிறுவுகிறார்.

தமிழகத்தில் பௌத்தப் பள்ளிகள் மறைந்த பின்னரும், அவற்றின் அளவையியல் எவ்வழியே வந்து சேர்ந்திருப்பினும், அவற்றை மறுத்த சமயத்தின் பாடநூலில் பயிலப்பட்டே வந்திருக்கிறது. எனவே மணிமேகலையின் 29ஆம் காதையை இலக்கிய மாணவர்க்கும் சித்தியாரின் அளவைப் பகுதியைச் சமய மாணவர்க்கும் உரியனவாகப் பிரித்து வைக்கும் இன்றைய பாடமுறை மாற வேண்டும். இரண்டையும் திக்நாகரின் நூலோடு வைத்து ஒருங்கே கற்பிப்பது தமிழ்ப் பல்கலைக்கழகத் துறைகளின் கடமையாகும்.