செருப்பு கழன்றது தெரியாத கால்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காலாப்பட்டு வரும். மீனவர் குப்பங்கள், மத்தியப் பல்கலைக்கழகம், மத்தியச் சிறை, கணபதிச்செட்டிக்குளத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. கடல் போக மற்றப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டு மண், நடுவே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன இந்தத் துண்டு நிலம். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, சர்க்கரை நோய் மிகுந்த இடங்களில் 26.4 சதவீதத்தோடு கோவா முதலிடம். அதை ஒட்டியே 26.3 சதவீதத்தோடு புதுச்சேரி. பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் சர்க்கரை.

அந்த நாலில் ஒருவர் வீட்டில் புலம்புவது பெரும்பாலும் காலைப் பற்றித்தான். “காலு மதமதன்னு இருக்கு.” “ராத்திரியானா பாதம் எரியுது.” “குந்தினா எழுந்திருக்க முடியல.” “செருப்பு கழண்டு விழுந்ததுகூடத் தெரியல.” வயசாச்சு, வாயு, உடம்பில் சத்தில்லை என்று வீட்டார் பதில் சொல்லிவிடுவார்கள். சர்க்கரைக்கும் காலுக்கும் முடிச்சுப் போட அவர்களுக்குத் தோன்றுவதில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மருத்துவ உலகமே இந்த முடிச்சைப் போட நெடுங்காலம் எடுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் பழைய வைத்தியர்கள் இதைக் கண்டிருந்தார்கள். இனிப்பு நீர் போகும் நோய்க்கு முன்குறியாகக் கைகால் மரத்தலையும் எரிச்சலையும் சரக சம்கிதை சொல்கிறது. ஆனால் காரணம் தேடிய ஐரோப்பா முதலில் தலைகீழாகப் போனது. 1849இல் பாரிஸில் கிளாட் பெர்னார், ஒரு விலங்கின் மூளையடியில் ஊசியால் குத்தினார். அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. பிறகென்ன, நரம்பு கெட்டால்தான் சர்க்கரை வரும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. கால் மரத்துப்போன நோயாளியைப் பார்த்தால், இந்த நரம்புக் கோளாறுதான் நீரிழிவைக் கொண்டுவந்தது என்று எழுதினார்கள்.

இதை நிமிர்த்தி வைத்தவரும் பிரெஞ்சுக்காரரே. மார்ஷல் து கால்வி என்ற மருத்துவர் 1864இல், சர்க்கரைதான் நரம்பைக் கெடுக்கிறது, நரம்பு சர்க்கரையைக் கொண்டுவருவதில்லை என்று வாதிட்டார். அப்போது காலாப்பட்டு பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. புதுச்சேரி நகரில் பிரெஞ்சு அரசு 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் இருந்தது. இன்றைய ஜிப்மரின் வேர் அந்தப் பள்ளிதான்.

மரத்துப்போவது ஒரு வகை. கால் வலுவிழப்பது வேறு வகை, அதிகம் பேசப்படாதது. 1890இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் புருன்ஸ், நீரிழிவுக்காரர்கள் சிலருக்குத் தொடைத் தசை இளைத்து நடை தளர்வதை விவரித்தார். அதை உலகம் மறந்தே போனது. அறுபது ஆண்டுக்குப் பிறகு, 1953இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஹியூ கார்லண்ட் அதே போன்ற நோயாளிகளைப் பார்த்தார். முதலில் தண்டுவடக் கோளாறு என்றே நினைத்தார். 1955இல் எண்ணத்தை மாற்றிக்கொண்டு ‘டயபெடிக் அமையோட்ரஃபி’ என்று பெயர் வைத்தார். நடுவயது தாண்டியவர்களுக்கு, அதுவும் பெரும்பாலும் இரண்டாம் வகை நீரிழிவில், இது வரும். ஒரு பக்கத் தொடையிலோ இடுப்பிலோ கடும் வலியோடு தொடங்கும். சில வாரங்களில் தொடை மெலியும், எடை குறையும், மாடிப்படி ஏறக் கால் மடங்கும். மறு காலுக்கும் பரவலாம். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சிலருக்கு நீரிழிவு இருப்பதே இதை வைத்துத்தான் தெரியவரும். நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களின் அழற்சியே காரணம் என்று 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வுகள் காட்டின. ஆறுதலான செய்தி, பெரும்பாலோருக்குப் பலம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கால் மரக்கவும் தளரவும் இன்னொரு காரணம் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே இருக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் நீரிழிவுக்குக் கொண்டுவந்த மெட்ஃபார்மின் இன்று நீரிழிவுக்காரர்களில் மிகப் பலர் விழுங்குவது. நல்ல மருந்து, விலையும் குறைவு. ஆனால் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும்; அது குறைந்தால் கால் மரக்கும், நடை தள்ளாடும், பலம் போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியோ மாத்திரையோ போட்டால் சரிப்படுத்தலாம். இவ்வளவு எளிய ஒன்றைப் பார்க்காமலே எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போடுவது பெரிய அநியாயம்.

மரத்த காலைக் காக்கக் கற்ற வரலாற்றின் முக்கியமான பகுதி நடந்தது பாரிஸிலும் அல்ல, லீட்ஸிலும் அல்ல. வேலூரில். கொல்லிமலையில் 1914இல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்த பால் பிராண்ட், 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்று நம்பிய காலம் அது. பிராண்ட் நோயாளிகளை நாள் முழுக்கக் கவனித்தார். சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணி ஏறிய செருப்போடு நடக்கிறார்கள், வலிக்கவே இல்லை. விரலையும் பாதத்தையும் தின்றது வலி தெரியாமல் நேர்ந்த காயங்கள்தான் என்று அவர் சொன்னபோது உலகம் திரும்பிப் பார்த்தது. உள்ளங்கால் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு ஓய்வு கொடுக்கும் முறையை அதற்கு முன்பே டிச்பள்ளியில் ஜோசப் கான், கொழும்பில் மில்ராய் பால் என்ற மருத்துவர்கள் கையாண்டிருந்தார்கள். பிராண்ட் அதை வளர்த்தெடுத்தார். பாதத்தின் பாரத்தைப் பரவலாகத் தாங்கும் மைக்ரோசெல்லுலார் ரப்பர் செருப்பும், சுருக்கமாக எம்.சி.ஆர். செருப்பு, வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் நடந்த தொழுநோய்ப் பணியில் உருவானது.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே நீரிழிவுக்காரர்களின் பாதப் புண்ணைப் பார்த்தவருக்கு வேலூரில் பார்த்த அதே புண்கள் தெரிந்தன. மாவுக்கட்டும் செருப்பும் நீரிழிவுக்கு இடம் மாறின. இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குப் போடும் முழுத்தொடு மாவுக்கட்டின் வேர் இந்த வழியில்தான் போகிறது. எம்.சி.ஆர். செருப்பு தமிழ்நாட்டு நீரிழிவுக்காரர்களிடமும் வந்தது: பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954இல் சென்னை ராயபுரத்தில் தொடங்கி, பின்னர் நீரிழிவுக்கென்றே ஆன மருத்துவமனையின் மருத்துவர்கள், உணர்ச்சி இழந்த பாதத்துக்கு இத்தகைய செருப்பு புதுப் புண்ணை வெகுவாகக் குறைக்கிறது என்று 2004இல் காட்டினார்கள்.

கார்விலில் பிறந்த இன்னொன்றும் உண்டு. மூளைக் காயம் பட்டவர்களின் தொடு உணர்வை அளக்க செம்ஸ், வைன்ஸ்டைன் என்ற இருவர் 1960வாக்கில் உருவாக்கிய நைலான் இழைகளை எடுத்து, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் இழைதான் பாதத்தின் காப்புணர்வுக்கு எல்லை என்று பிர்க், சிம்ஸ் என்ற இருவர் 1986இல் கண்டார்கள். தொழுநோயாளிகளையும் நீரிழிவுக்காரர்களையும் சேர்த்தே சோதித்தார்கள்.

சோதனை இப்படி. ஒரு கைப்பிடி, அதன் நுனியில் மீன்பிடி நரம்பு போன்ற ஓர் இழை. முதலில் கையில் தொட்டு, இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்வார்கள். பெருவிரலின் அடியில், விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டில், இழை வளையும்வரை ஓரிரு விநாடி அழுத்துவார்கள். காய்ப்பு உள்ள இடத்தைத் தவிர்ப்பார்கள். “தெரியுதா?” “தெரியுது.” இன்னோர் இடம். “இப்ப?” பதில் வராத இடம்தான் ஆபத்தான இடம். சில நிமிட வேலை, வலியே இல்லை.

காலாப்பட்டு போன்ற கடற்கரை ஊரில் இந்தச் சோதனைக்குப் பொருள் அதிகம். சித்திரை வெயிலில் கொதிக்கும் மணல், கிளிஞ்சல் துண்டு, மீன் முள், கரைவலை இழுக்கையில் குதிகால் ஊன்றும் பாரம். வலி தெரிகிற கால் உடனே விலகிக்கொள்ளும். தெரியாத கால் அங்கேயே நிற்கும்.

சர்க்கரை உள்ளவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் காலை நீட்டிக் காட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல ஆண்டு மெட்ஃபார்மின் எடுப்பவரானால் பி12 பார்க்கச் சொல்லுங்கள். தொடை மெலிந்து எழுந்திருக்க முடியாவிட்டால் வயசு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். திடீரென்று கால் விழுந்தாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.