கொலு வீற்றிருக்கும் கடன்

வடமதுரை என்றதும் யமுனைக் கரைக்கு ஓடிவிட வேண்டாம். கண்ணன் பிறந்ததாகக் கதை கூறும் வடநாட்டு மதுராவுக்கும் நம் பழைய ஏடுகளில் வடமதுரை என்றுதான் பெயர். நாம் சொல்வது, திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள நம்மூர் வடமதுரை. சவுந்தரராசப் பெருமாளுக்குக் கோயில் ஒன்று; இருப்புப்பாதை நிலையம் ஒன்று; சுற்றிலும் வானம் பார்த்த புன்செய்; மழை பொய்த்தபோதெல்லாம் ஆளை அழைத்துக்கொண்ட நூற்பாலைகள். அங்கே ஆலையொன்றில் கணக்கெழுதும் தோழர் ஒருவரின் இல்லத்தில், புரட்டாசித் திங்கள் மாலைப் பொழுதொன்றில், நாம் ஒரு வழக்குக்கு நடுவராக அமர்த்தப்பட்டோம்.

வழக்கு இதுதான். தோழரின் துணைவியார் மதுரைக் கடையொன்றில் பத்துப் பொம்மைகள் அடங்கிய தசாவதாரத் தொகுதியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். விலை எட்டாயிரம் ரூபாய். எதிர்வீட்டில் சென்ற ஆண்டே வாங்கிவிட்டார்களாம். தீபாவளிக்கு வரப்போகும் போனசை நம்பி மகளிர் குழுவில் கடன் எடுத்து, நவராத்திரிக்கு முன்பே பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். தோழர் பகுத்தறிவாளர் அல்லவா? "மண்ணுக்கு எட்டாயிரமா!" என்று சீறினார். அம்மையார் சீறவில்லை. நம் பக்கம் திரும்பி அமைதியாகக் கேட்டார்: "அண்ணே, போன மாநாட்டுக்கு வளைவும் தோரணமும் வைத்தீர்கள். மூன்றாம் நாள் பிரித்துப் போட்டீர்கள். அதற்கு இவர் கொடுத்த நன்கொடை எவ்வளவு என்று நான் கணக்குக் கேட்டேனா?"

நாம் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். வேறென்ன செய்ய! தீர்ப்புக்கு வாய்தா வாங்கிக்கொண்டு வந்து ஏடுகளைப் புரட்டினோம்.

பொம்மை தமிழனுக்குப் புதிதன்று. கீழடி மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் உருவங்கள் வெளிவந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்துப் பெண்கள் கடற்கரை மணலைக் கூட்டி வண்டற்பாவை செய்து விளையாடுகின்றனர். அலை வந்து அழித்துவிடும், மறுநாளும் செய்வர். அந்தப் பாவைக்கு விலை ஒரு கை மணல். பட்டினப்பாலையில் இன்னொரு காட்சி. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் நெல் காய்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் காதிலிருந்த கனத்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். விழுந்து கிடந்த அந்தக் குழை, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழிமறிக்கிறது. நகரின் செல்வத்தைப் புகழவே புலவர் பாடினார். நமக்குப் புலப்படுவதோ வேறு: குழந்தையின் ஆட்டத்துக்குக் குறுக்கே கிடக்கிறது பெரியவர்களின் தங்கம்!

வடமொழியில் சூத்திரகர் இயற்றிய நாடகம் ஒன்றுண்டு. பண்டிதமணி கதிரேசனார் அதைத் தமிழாக்கி 'மண்ணியல் சிறுதேர்' என்று பெயரிட்டார். சாருதத்தன் ஏழையாகிப்போனவன். அவன் மகன் அழுகிறான். மண் தேர் கையில் இருக்கிறது, அது வேண்டாமாம். அண்டை வீட்டுப் பிள்ளையிடம் பொன் தேர் இருந்ததே, அதுதான் வேண்டுமாம்! வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரிலே நிரப்புகிறாள். பிறகு அதே நகைகள் சாருதத்தன்மேல் கொலைப்பழி சுமத்தச் சான்றாகி, அவனைக் கொலைக்களம் வரை இழுத்துச் செல்கின்றன. அண்டை வீட்டான் வைத்திருப்பதைப் பார்த்து விலை வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது பார்த்தீர்களா?

இனிக் கொலுவுக்கு வருவோம். கொலு என்ற சொல்லுக்கு அரசன் அவையில் வீற்றிருக்கும் கோலம் என்று பொருள். கொலு மண்டபம், கொலு வீற்றிருத்தல் என்பன அரண்மனைச் சொற்கள். விசயநகரத்தில் மகாநவமி மேடை இன்றும் அம்பியில் கல்லாய் நிற்கிறது. 1520ஐ ஒட்டி அங்கு வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், கிருட்டிணதேவராயன் காலத்து ஒன்பது நாள் விழாவைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். யானை, குதிரை, மல்லர், நாட்டியம், சிற்றரசர் வணக்கம் எல்லாம் உண்டு அதில். யார் எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பதை ஆண்டுதோறும் நாட்டுக்கு நினைவூட்டும் விழா அது. விசயநகரம் வீழ்ந்தபின், 1610இல் சீரங்கப்பட்டணத்தில் இராச உடையார் அவ்விழாவைத் தமதாக்கிக்கொண்டார். மதுரை நாயக்கரும் கொண்டாடினர். பதினேழாம் நூற்றாண்டில் மைசூர்ப் படை மதுரைமேல் பாய்ந்தபோது இரகுநாத சேதுபதி தன் மறவர் படையுடன் வந்து திருமலை நாயக்கரைக் காத்தார். அதற்குக் கிடைத்த பரிசுகளுள் ஒன்று என்ன தெரியுமா? நவராத்திரியை மதுரையைப் போலவே இராமநாதபுரத்திலும் நடத்திக்கொள்ளும் உரிமை! குருதி சிந்தியவனுக்குக் கொலு வைக்க அனுமதி.

அந்த உரிமை பிற்காலத்தில் என்ன ஆயிற்று? 1889இல் பட்டத்துக்கு வந்த பாசுகர சேதுபதி கல்விமான், வள்ளல். விவேகானந்தர் சிகாகோ செல்ல ஊக்கமும் உதவியும் அளித்தவர். அவர் காலத்து நவராத்திரி விழாக்களில் புலவர்க்கும் பாடகர்க்கும் புரோகிதர்க்கும் பணம் ஆறாக ஓடிற்று. நவராத்திரி ஒன்றினால் மட்டும் சீமை சீரழிந்தது என்று சொல்லமாட்டோம். கோயிலும் கொடையும் வழக்கும் சேர்ந்தே செய்த வேலை அது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் சீமை கடனில் மூழ்கிற்று. அரசு போய்விட்டது, ஆங்கிலேயன் ஆள்கிறான், வரி வாங்குபவன் அவன்; ஆயினும் அரசனின் கோலத்தை மட்டும் குறையாமல் காட்டியாக வேண்டும் என்றால் செட்டியாரிடம் பத்திரம் எழுதாமல் வேறு வழி ஏது?

நம் திண்டுக்கல்லுக்கும் இதில் பங்குண்டு. மலைக்கோட்டையில் 1755இல் பவுச்தாராக வந்து அமர்ந்தவர் ஐதர் அலி. படை திரட்டிப் பணம் திரட்டி அவர் உயர்ந்தது இந்தப் பாறையிலிருந்துதான். 1761இல் மைசூரின் ஆட்சியே அவர் கைக்கு வந்தது. உடையார் அரசரை அவர் ஒழிக்கவில்லை. தசராவின்போது அரசரை அலங்கரித்து மக்கள் பார்க்கும்படி அமர்த்தினார். விழா முடிந்ததும் அரசர் உள்ளே போய்விடுவார். ஆணையிடுபவர் ஐதர், வீற்றிருப்பவர் உடையார். மண்ணால் செய்து வண்ணம் பூசிய பொம்மையைப் படியில் வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? திப்பு காலத்தில், 1796இல் அரசர் இறந்தபோது, அடுத்த பொம்மைகூட வைக்கப்படவில்லை.

அரண்மனைக் கோலத்தின் சிறு உருவே வீட்டுக் கொலு. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படிகள். உச்சிப்படியில் தேவர்கள். அவர்களுக்குக் கீழே முனிவர், மகான். கடைசிப்படியில் கடை விரித்த செட்டியாரும் மனைவியும், உழவன், குறத்தி. ஓரறிவு உயிரிலிருந்து மேலேறும் தத்துவம் என்று விளக்கம் கூறுவாரும் உளர். நமக்கு அந்தப் படிகளைப் பார்த்தால் தெரிந்த முகங்கள் தெரிகின்றன. உழைப்பவன் எப்போதும் தரைக்கு அருகில்தான்.

இந்த நோய் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. சப்பானில் மார்ச் 3ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கான பொம்மை விழா. அங்கும் படிகள்தாம், சிவப்புத் துணி விரித்த படிகள், உச்சியில் பேரரசனும் பேரரசியும். வணிகர்கள் போட்டியிட்டுப் பெரிய பெரிய பொம்மைகள் வாங்கினர். தொகுகாவா ஆட்சி 1721இல் சட்டம் போட்டது: பொம்மையின் உயரம் எட்டுச் சுன், அதாவது ஏறக்குறைய 24 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது! செல்வர் அடங்கினரா? அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் கைவினைஞர்கள் விரலளவுப் பொம்மைகளை, தந்தத்தில் முகம் செதுக்கிச் செய்து தந்தனர். கசகசாப் பொம்மை என்று அதற்குப் பெயர். உருவம் குறைந்தது, விலை ஏறியது. ஆலந்து நாட்டில் பெட்ரோநெல்லா ஊர்ட்மன் என்ற பட்டு வணிகரின் மனைவி, 1686 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரு பொம்மை வீட்டை நிரப்பி வந்தார். சீனத்திலிருந்து சிறு பீங்கான்கள், உள்ளே உண்மையான ஓவியங்கள். செலவு இருபது முப்பதாயிரம் கில்டர் என்பர். ஆம்சுடர்டாமில் கால்வாய்க் கரையில் உண்மையான மாளிகையே வாங்கிவிடக்கூடிய தொகை! இன்று அது அந்நாட்டு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரும் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம், விளையாடத்தான் முடியாது.

தில்லியில் ஒருவர் வேறுவிதமாகச் சேர்த்தார். கேலிச்சித்திரக்காரர் சங்கர். அங்கேரித் தூதர் சிறுவர் போட்டிக்குப் பரிசாகத் தந்த ஒரு பொம்மையில் தொடங்கிய ஆர்வம், 1965இல் பொம்மை அருங்காட்சியகமாக மலர்ந்தது. பல நாட்டுப் பொம்மைகள். பார்ப்பவர் பள்ளிப் பிள்ளைகள். கடன் எவர் வீட்டிலும் இல்லை.

வாய்தா முடிந்தது. மீண்டும் வடமதுரை சென்றோம். வரலாற்றை எல்லாம் ஒப்பித்தோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எல்லாம் சரி அண்ணே. அரசன் வைத்தான், சமீன்தார் வைத்தான், கெட்டான். நான் ஏன் வைக்க ஆசைப்படுகிறேன் என்று நீங்களும் கேட்கவில்லை, இவரும் கேட்கவில்லை" என்றார்.

கேட்டோம்.

தோழரின் தாயார் கணவரை இழந்தவர். ஆண்டுதோறும் எதிர்வீட்டுக் கொலுவுக்குச் சுண்டல் அவித்துக் கொடுப்பவர் அந்த முதியவர்தான். தாம்பூலம் வழங்கும் வேளையில் கொல்லைப்புறம் போய் நிற்பவரும் அவரே. "நம் வீட்டில் கொலு இருந்தால் முதல் தாம்பூலம் அத்தைக்குத்தான். தெருவே பார்க்கட்டும்" என்றார் அம்மையார். பட்டியக்கல்லில் அமர்ந்து வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்த தாயார் தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

கைம்பெண் கொடுமை குறித்து எத்தனை மேடைகளில் முழங்கியிருப்போம்! அந்த அம்மையார் மேடையைத் தன் வீட்டுக்குள்ளேயே, மரப்பலகையில் படிகட்டி, அமைக்கப் பார்க்கிறார். ஆனால் அதற்குத் தசாவதாரம் எதற்கு? எட்டாயிரம் எதற்கு? இதை நாம் கேட்டபோது அவரே சிரித்துவிட்டார். ஆண்டுக்கு ஒரு புதுப் பொம்மை சேர்ப்பதுதான் பழைய வழக்கம். பத்தையும் ஒரே நாளில் வாங்கச் சொன்னது எதிர்வீட்டுப் படி. கடன் வேண்டாம், கையிருப்பில் இரண்டு பொம்மை போதும், அதையும் கடையில் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. தோழரும் ஒரு சொல் கொடுத்தார்: அடுத்த மாநாட்டு வளைவுக்கான நன்கொடையை வீட்டில் கேட்டுத்தான் கொடுப்பாராம். நாமும் தலையாட்டினோம், சற்றே சங்கடத்துடன்.

விளாச்சேரிக்குப் போனோம். திருப்பரங்குன்றத்துக்கு அருகில், தமிழ் செம்மொழி என்று எடுத்துரைத்த பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்த சிற்றூர். தெருவுக்குத் தெரு வேளார் குடும்பங்கள். கண்மாய் மண்ணைப் பிசைந்து அச்சில் அழுத்தி, பிரித்தெடுத்து உலர்த்தி, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, அதன்மேல் வண்ணம். கண் எழுதுவது கடைசி வேலை. பொம்மைக்குப் பொம்மை புருவம் மாறாமல் எழுதும் அந்தக் கைக்கு அன்றைய கூலி எவ்வளவு என்று கேட்டுவிட்டு, மதுரைக் கடை விலையை மனத்துக்குள் கழித்துப் பார்த்தோம். இடையில் எத்தனை படிகள்! பூமழை பெய்தாலும் உலராது, அடைமழை பெய்தால் சூளையே நின்றுவிடும்; இழப்பு முழுதும் இவர்களுக்கு. இதே மரபினருக்கு, அய்யனாருக்குப் புரவி செய்யும் ஊர்களில், ஊர்ப் பெரியவர்கள் வந்து பிடிமண் கொடுத்து வேலையை ஒப்படைப்பர். ஊரே வரி போட்டுச் செலவை ஏற்கும். குதிரையைச் செய்தவர் தெரிந்தவர், மதிக்கப்படுபவர். அய்யனாரை நாம் நம்புவதில்லை. ஆனால் செய்தவன் முகம் தெரிந்து கொடுக்கும் அந்த முறையைக் கடைத்தெரு கெடுத்துவிட்டதை மறைக்க முடியுமா?

அம்மையார் ஏர் பிடித்த உழவன் ஒன்றும், கூடை சுமந்த பெண் ஒன்றும் எடுத்தார். வேளார் கேட்ட விலையை அப்படியே கொடுத்தார். பேரம் பேச வாய் திறந்த தோழரின் கையைக் கிள்ளியதை நாம் பார்த்தோம். "இந்த ரெண்டையும் எந்தப் படியில் வைப்பீங்க?" என்று வேளார் கேட்டார். "மேலே" என்றார் அம்மையார்.

வேளார் வைக்கோலில் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினார். அங்கே அவர் மனைவி, நவராத்திரி அச்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டு, திசம்பர் மாதத்துக் குடிலுக்காக ஆட்டுக்குட்டிகளை வரிசையாக உலரவைத்துக்கொண்டிருந்தார்.