தெருமுனையில் ஒட்டிய அறிவிப்பு

1863-இல் புனே நகரில், பிராமணர்கள் குடியிருந்த தெருக்களின் முனைகளில் அச்சடித்த அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டது. கருவுற்ற விதவைகள் வரலாம், யாருக்கும் தெரியாமல் பத்திரமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், குழந்தையை எடுத்துப்போவதும் விட்டுப்போவதும் அவரவர் விருப்பம் என்பது அதன் சாரம். ஒட்டவைத்தவர் சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலே. இடம் அவருடைய வீடுதான். வந்தவர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி சாவித்திரிபாய்.

அதற்கு முன்பு, புலேவின் நண்பர் வீட்டில் சமையல் வேலை பார்த்த இளம் விதவை ஒருத்தியை, படித்த சாஸ்திரி ஒருவர் கர்ப்பமாக்கிவிட்டார். கலைக்க என்னென்னவோ செய்துபார்த்தாள், முடியவில்லை. பிள்ளையைப் பெற்றுக் கொன்று கிணற்றில் போட்டாள். தண்டனையாக அவளை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சாஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. மானத்துக்குப் பயந்துதான் அவள் அதைச் செய்தாள் என்று புலே புரிந்துகொண்டார். அதனால்தான் அறிவிப்பில் ரகசியத்துக்கு அத்தனை அழுத்தம் கொடுத்தார்.

1884-இல் அவரே ஒரு கணக்குச் சொன்னார். அதுவரை அந்த வீட்டில் பிள்ளை பெற்ற விதவைகள் 35 பேர். பிழைத்த குழந்தைகள் 5. மற்ற 30-ம் தாய்மார் கர்ப்பத்தை மறைக்கத் தின்ற விஷ மருந்துகளால் வயிற்றிலேயே கெட்டுப்போய் இறந்தவை என்று எழுதினார். கதவு திறந்திருந்தும், கண்டதையெல்லாம் தின்று தோற்ற பிறகுதான் பெண்கள் அங்கே வந்திருக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியராகவே காலம் கழித்த எனக்கு அந்தக் கணக்கைப் படித்தபோது நெஞ்சு அடைத்தது. நான் பார்த்த பெண்களும் அப்படித்தான் வந்தார்கள்.

நாள் தள்ளிப்போனால் எங்கள் பக்கத்தில் முதலில் பச்சைப் பப்பாளி, எள்ளு, கருப்பட்டி. அதிலேயே வாரங்கள் ஓடிவிடும். அப்புறம் எருக்கங்குச்சி. அப்படிச் செய்துகொண்ட, மூன்று பிள்ளை பெற்ற ஒருத்தியை நான்தான் ஆட்டோவில் ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போனேன். உடம்பு அனலாய்க் கொதித்தது, சீழ் வாடை. "வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது நர்ஸம்மா" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பிழைத்தாள், கருப்பையை எடுத்துவிட்டார்கள். அப்போதே கலைக்க அனுமதிக்கும் சட்டம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, செலவும் இல்லை. அது அவளுக்குத்தான் போய்ச் சேரவில்லை.

1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டம், தாயின் உயிரைக் காக்க என்றால் ஒழிய, கருவைக் கலைப்பதைக் குற்றமாக்கியது. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளிதான். நூறு வருடத்துக்கும் மேல் அது அசையவில்லை. கருக்கலைப்பு பற்றி ஆராய 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைத்த குழு 1966-இல் அறிக்கை தந்தது. 1971-இல் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆனால் கருத்தடை தவறிப்போய்க் கருவுற்றதைக் காரணமாகச் சொல்ல அதில் 'திருமணமான பெண்'ணுக்கு மட்டுமே இடம் இருந்தது. கல்யாணமாகாதவளும் விதவையும் அந்த வரிக்கு வெளியே நின்றார்கள். புலே கதவைத் திறந்துவைத்ததே விதவைகளுக்காகத்தான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2021 திருத்தத்தில்தான் அந்தச் சொல் போயிற்று. 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்பினால் போதும் என்றானது. குறிப்பிட்ட சில நிலைகளில் இரண்டு டாக்டர்கள் ஒப்பினால் 24 வாரம் வரை செய்யலாம். பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பதும் சட்டத்திலேயே ஏறியது. அந்த 24 வாரத்தில் கல்யாணமாகாதவளுக்கும் பங்கு உண்டு என்று 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பெற்றுக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவளுக்கும் வழி உண்டு. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பக் கேட்க இரண்டு மாத அவகாசம் தருகிறார்கள். வளர்க்க முடிவெடுத்தவளை ஊர் என்ன சொன்னாலும் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். காசிபாய் என்ற விதவைக்குப் பிறந்த யஷ்வந்தை 1874-இல் புலே தம்பதி தங்கள் மகனாகவே தத்தெடுத்து டாக்டராக்கினார்கள்.

இப்போது குச்சி குறைந்து, மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் மாத்திரை வந்திருக்கிறது. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஏன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று கேட்டால், புருஷன் கையெழுத்துக் கேட்பார்களே என்கிறார்கள். சட்டம் அந்தக் கையெழுத்தைக் கேட்கவே இல்லை. 18 வயது நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்று 1971-லேயே எழுதிவிட்டார்கள்.