துளு நாட்டுத் திருத்தலங்கள்: கல்லும் ஓலையும்

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் பசுமையான நிலப்பகுதி துளு நாடு. இன்றைய கருநாடக மாநிலத்தின் தென்கன்னடம், உடுப்பி மாவட்டங்கள் அதன் பெரும்பகுதியாகும். சிரவணபெளகொளத்தில் வழிபட்டு, மலைகடந்து இறங்கும் யாத்திரிகர் பலர் கார்களப் பாகுபலி சுவாமியைத் தரிசித்த மகிழ்ச்சியோடு ஊர் திரும்பிவிடுகின்றனர். ஆனால் அந்நாட்டின் சிறப்பு முழுவதும் ஓங்கிய கல்லுருவங்களில் அடங்கிவிடுவதில்லை. கடல் தந்த செல்வத்தை ஒரு சமுதாயம் எவ்வாறு அறத்திற்கு ஆக்கிற்று என்பதையும், அச்செல்வம் போன பின்னும் எது எஞ்சிற்று என்பதையும் அவ்வூர்களை ஒவ்வொன்றாகக் காண்போரே உணர்வர்.

உடுப்பிக்கு வடக்கே உள்ள பாரக்கூரு ஒரு காலத்தில் ஆளுப மன்னரின் தலைநகர். விஜயநகரப் பேரரசின் காலத்தில் இக்கடற்கரை பாரக்கூரு இராஜ்ஜியம், மங்களூர் இராஜ்ஜியம் என இரு பிரிவாக ஆளப்பட்டது. இங்கிருந்து நெல்லும் மிளகும் மரக்கலமேறிச் சென்றன. இன்று பாரக்கூரு அமைதியான சிற்றூர். கோயில்களின் சிதைவுகளுக்கிடையே கட்டலெ பசதி என்னும் பழைய ஜினாலயம் பழம்பெருமையை நினைவூட்டி நிற்கிறது.

ஆளுபருக்குப் பின் சமணம் சார்ந்த சிற்றரசர் பலர் துளு நாட்டைப் பகுத்து ஆண்டனர். கார்களத்தில் பைரரசர், வேணூரில் அஜிலர், மூடபிதிரியில் சவுட்டர், மங்களூர்ப் பகுதியில் பங்கர் என்போர் அவருள் முதன்மையானவர். கார்களத்தில் பாறைக் குன்றின்மேல் 42 அடி உயரத்தில் நிற்கும் பாகுபலி சுவாமியின் திருவுருவத்தை 1432-ஆம் ஆண்டில் வீரபாண்டிய பைரரசர் நிறுவினார். எதிர்க்குன்றில் உள்ள சதுர்முக பசதி 1586-இல் இம்மடி பைரரசரால் கட்டப்பெற்றது. எத்திசையிலிருந்து வரினும் ஒரே தோற்றம் தரும் அக்கோயிலில் நாற்புறமும் வாயில்கள் உள்ளன. கருவறையில் அரநாதர், மல்லிநாதர், முனிசுவிரதர் ஆகிய மூவரும் நான்கு திசையும் நோக்கி எழுந்தருளியுள்ளனர்.

கார்களத்திற்குத் தென்கிழக்கே, பல்குனி ஆற்றங்கரையில் வேணூர் உள்ளது. இங்குள்ள பாகுபலி சுவாமியை 1604-இல் திம்மண்ண அஜிலர் நிறுவினார். தம் ஊர்ப் பெருமைக்கு நிகராக மற்றொன்று எழுவதைக் கார்கள மன்னர் பொறுக்கவில்லை என்றும், போர் மூண்டபோது அஜிலர் திருவுருவத்தை ஆற்றுமணலில் புதைத்துக் காத்தார் என்றும் அவ்வூரார் வழிவழியாகக் கூறுவர். பற்றனைத்தையும் துறந்த பாகுபலியின் உருவத்தை முன்னிட்டே அரசர் இருவர் பகைத்தனர் என்னும் அக்கதை, கேட்போரைச் சிந்திக்க வைப்பது. இவ்விரு தலங்களிலும் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மகாமஸ்தகாபிஷேகம் நடைபெறுகிறது.

வேணூரிலிருந்து மேற்கே கடலோரம் சென்றால் மங்களூரை அடுத்து உள்ளாலம் வருகிறது. சவுட்டர் குலத்துச் சமண அரசியான அப்பக்கா தேவி ஆண்ட ஊர் இது. 16-ஆம் நூற்றாண்டில் கடல் வாணிகத்தைத் தம் பிடிக்குள் கொணர்ந்த போர்த்துக்கீசியர் கப்பம் கேட்டபோது, அவர் கொடுக்க மறுத்துப் போரிட்டார். அவருடைய படையில் பல சமயத்தவரும் இருந்தனர். இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பலொன்று இன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

மங்களூருக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மூடபிதிரி. ‘சமணக் காசி’ எனப் போற்றப்படும் இவ்வூரில் 18 பசதிகள் உள்ளன. 1430-இல் எழுந்த திரிபுவன திலக சூடாமணி பசதியை மக்கள் ஆயிரங்கால் பசதி என்பர். இங்கு மூலவர் சந்திரநாதர். பெருமழையைத் தாங்குமாறு அடுக்கடுக்காகச் சரிந்த கூரைகள் அதன் தனிச்சிறப்பு. அரசர் மட்டுமன்றி வணிகரும் இவ்வூரில் ஜினாலயங்கள் எடுத்தனர். விக்கிரம செட்டி பசதி போன்ற பெயர்களே அதற்குச் சான்று.

இவ்வூரின் பழைமையான ஜினாலயம் பார்சுவநாதர் எழுந்தருளியுள்ள குரு பசதி. சமண உலகம் இதற்குப் பட்டுள்ள கடன் பெரிது. சௌராட்டிரத்தின் கிர்நார் மலையில் வாழ்ந்த தரசேனாசாரியர், ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சிப் புஷ்பதந்தர், பூதபலி என்னும் முனிவர் இருவரை வரவழைத்துக் கற்பித்தார். அவர்கள் இயற்றியதே ஷட்கண்டாகமம். புஷ்பதந்தர் வனவாசிக்கும், பூதபலி தமிழ்நாட்டிற்கும் சென்றனர் என்று தவள உரை கூறுகிறது. அந்நூல் நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமியாகக் கொண்டாடப்படுகிறது. 9-ஆம் நூற்றாண்டில் வீரசேனர் இதற்குத் தவளம் என்னும் பேருரை வகுத்தார். கசாயபாகுடத்திற்கு அவர் தொடங்கிய ஜயதவளத்தை அவர்தம் மாணவர் ஜினசேனர் முடித்தார். ஷட்கண்டாகமத்தின் ஆறாம் கண்டமே மகாதவளம் எனப்படுகிறது.

இம்மூன்றின் பழங்கன்னட எழுத்து ஓலைச் சுவடிகள் குரு பசதியில் நூற்றாண்டுகளாகக் காக்கப்பட்டன. யாத்திரிகர் தொலைவில் நின்று அவற்றை வணங்கினர், படித்தவர் அரியர். பூட்டிக் காத்ததனால் சுவடி பிழைத்தது. ஆயினும் ஒரு தீயோ, ஒரு பெருவெள்ளமோ, கறையான் கூட்டமோ அனைத்தையும் அழித்திருக்கக்கூடும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் படியெடுக்கும் பணி தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்தது. 1939-இல் தவளத்தின் முதல் தொகுதி அச்சேறியது. பின்னர் 16 தொகுதிகள் நிறைவுற்றன. வணங்கப்பட்ட நூல் மீண்டும் கற்கப்படும் நூலாயிற்று.

தமிழகமும் இத்தகைய நிகழ்ச்சியை அறியும். கும்பகோணத்துச் சமணர் தம் மரபறிவை மனமுவந்து பகிர்ந்தமையால் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை நன்கு பதிப்பிக்க இயன்றது. காத்தலும் கொடுத்தலும் சேர்ந்த இடத்தில்தான் நூல் வாழ்கிறது.

பாரக்கூருத் துறையில் இன்று மிளகு மரக்கலம் இல்லை. பைரரசரும் அஜிலரும் ஆண்ட நாடுகள் மறைந்தன. கல்லுருவங்கள் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. அழியக்கூடிய ஓலையோ, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறியதனால் அழியாமல் நிற்கிறது. தமிழ்ச் சமணர் இல்லங்களிலும் ஆலயங்களிலும் பரணில் உறங்கும் சுவடிக்கட்டு இருக்குமாயின், அதனை அவிழ்த்துத் துடைத்துப் படியெடுத்து வைப்பதும் சாத்திர தானமே ஆகும். துளு நாட்டு யாத்திரை சென்று திரும்புவோர் இல்லத்திற்குக் கொணரத்தக்க பிரசாதம் இக்கருத்தே.