வில்சன் தேற்றமும் இப்னுல் ஹைஸமும்

ஹிஜ்ரி 354-இல் (கி.பி. 965) பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைஸமை ஒளியியல் மேதையாகவே நாம் அறிவோம். எண் கணிதத்தில் அவர் ஆராய்ந்த வினா ஒன்று உண்டு. இரண்டு முதல் ஆறு வரை எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்ச வேண்டும். ஏழால் வகுத்தால் எதுவும் மிஞ்சலாகாது. அத்தகைய எண் எது?

ஒன்று முதல் ஆறு வரையுள்ள எண்களைப் பெருக்கினால் 720. அதனுடன் ஒன்றைக் கூட்டினால் 721; அது ஏழின் 103 மடங்கு. ஏழுக்கு மட்டுமன்று, பகா எண் ஒவ்வொன்றுக்கும் இவ்வியல்பு உண்டு என்பதை அவர் குறித்துச் சென்றார். பகு எண்களுக்கு இது பொருந்தாது. ஆறுக்கு முந்திய ஐந்து எண்களின் பெருக்கம் 120. 121 ஆறால் வகுபடுவதில்லை. ஆகவே, எத்துணைப் பெரிய எண்ணாயினும் அது பகா எண்தானா என்றறிய இது பிழையற்ற உரைகல். கணக்கிடப் புகுந்தால்தான் மலைப்பு! 101-ஐச் சோதிக்கவே 158 இலக்கங்கள் கொண்ட பெருக்கத்தொகை வந்து நிற்கும்.

ஜான் வில்சன் கண்டதாக எட்வர்ட் வேரிங் இதனை 1770-இல் வெளியிட, அப்பெயரே பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ஏழு நூற்றாண்டுகளுக்கும் மேலான இப்னுல் ஹைஸமின் முன்னுரிமையை 1980-இல் எடுத்துக்காட்டியவர் கணித வரலாற்றறிஞர் ருஷ்தி ராஷித். ஆயினும், அவர் இதனை நிறுவியும் விட்டார் என நம்மவர் மேடையில் முழங்குவது முறையன்று. வேரிங்கும் நிறுவவில்லை, வில்சனும் நிறுவவில்லை; 1771-இல் நிறுவிக் காட்டியவர் லெக்ராஞ்சி.