இருதயத்துக்கு வழி கண்ட குழாய்

சரீரத்தின் மற்ற அங்கங்களை அறுக்கவும் தைக்கவும் துணிந்த ரண வைத்தியர்கள், இருதயத்தின் முன்னே மட்டும் கைகட்டி நின்ற காலம் நமக்கு அதிகத் தொலைவில் இல்லை. இருதயச் சிகிச்சை இயற்கை வகுத்த எல்லையை எட்டிவிட்டது என்றும், இனி எந்தப் புதிய முறையும் அந்த எல்லையைக் கடக்க இயலாது என்றும், ஸ்டீபன் பேஜெட் என்ற ஆங்கில ரண வைத்தியர் 1896-இல் தம் நூலில் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிராங்க்பர்ட் நகரத்தில் லூத்விக் ரேன் என்பவர் கத்திக்குத்துப்பட்ட ஓர் இளைஞனின் இருதயத்தைத் தைத்துப் பிழைக்க வைத்தார். ஆயினும் அது மார்பைப் பிளந்து சென்ற வழி. மார்பைத் திறவாமலே, ரத்தம் போகும் பாதையிலேயே இருதயத்தை அடையலாம் என்ற எண்ணம் மனிதரிடத்தில் செயலாவதற்கு இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பெர்லினுக்கு அருகிலுள்ள எபர்ஸ்வால்டு என்ற சிற்றூரின் ஆஸ்பத்திரியில் 1929-இல் பயிற்சி பெற்றுவந்த வெர்னர் போர்ஸ்மன் அப்பொழுது இருபத்தைந்து வயது இளைஞர். பிரெஞ்சு உடலியல் அறிஞர்கள் குதிரையின் கழுத்துச் சிரை வழியே இருதயத்துக்குள் குழாய் செலுத்திய சித்திரம் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தது. ஆபத்துக் காலத்தில் மருந்தை நேராக இருதயத்திலேயே சேர்ப்பிக்க இவ்வழி உதவாதா என்று அவர் சிந்தித்தார். தலைமை வைத்தியர் அனுமதி மறுத்தார். தம்மைப் பரிசோதனைக்கு உட்படுத்திக்கொள்ளத் தாமாகவே முன்வந்த செவிலியை மேஜையில் கட்டிவைத்துவிட்டு, போர்ஸ்மன் தம் இடக்கை முழங்கையின் சிரையையே திறந்து, மூத்திர வழிச் சிகிச்சைக்கு வைத்திருந்த மெல்லிய குழாயை 65 சென்டிமீட்டர் அளவு உள்ளே செலுத்தினார். பின்பு அக்குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று, அதன் முனை இருதயத்தின் வலது மேலறையில் நிற்பதைப் படமாக எடுத்துக்கொண்டார்.

இந்தத் துணிவுக்குக் கிடைத்த பரிசு புறக்கணிப்புதான். அவர் இருதய ஆராய்ச்சியைக் கைவிட்டு மூத்திர உறுப்புச் சிகிச்சைக்குச் சென்றார். நாஜிக் கட்சியில் சேர்ந்த குற்றமும் அவர் வாழ்க்கையில் உண்டு; விஞ்ஞானத்தில் காட்டும் வீரம் மனிதனை எல்லாத் துறையிலும் மேன்மைப்படுத்திவிடுவதில்லை என்பதை அது உணர்த்துகிறது. அவர் கண்ட வழியை, நியூயார்க்கில் கூர்னான், ரிச்சர்ட்ஸ் என்ற இரு அறிஞர்கள் 1940-களில் ஒழுங்கான ஆராய்ச்சி முறையாக வளர்த்து, இருதயத்தின் அறைகளுக்குள் ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். 1956-இல் மூவருக்கும் நோபல் பரிசு சேர்ந்தே அளிக்கப்பட்டது.

அளக்கத் தெரிந்த பின் பார்க்கத் தெரிய வேண்டியிருந்தது. இருதயத்துக்கே ரத்தம் ஊட்டுகிற தமனிகளின் சுவருக்குள் கொழுப்பு படிப்படியாகச் சேர்ந்து வழியைக் குறுக்கும்பொழுது, உழைப்பின் போது மிகுதியாக வேண்டப்படும் ரத்தம் போதாமல் மார்புவலி உண்டாகிறது. அந்தக் கொழுப்புத் திட்டின் மேற்படலம் கிழிந்து, அங்கே ரத்தம் உறைந்து வழியை அடைத்துவிடும்பொழுது மாரடைப்பு நேரிடுகிறது. இந்தத் தமனிகளைத் தெளிவாகப் பார்க்கும் முறை 1958-இல் தற்செயலாகவே கிடைத்தது. கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற வைத்தியர் செலுத்திய குழாய் எதிர்பாராமல் தமனியின் வாயிலில் நுழைந்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை அதற்குள் பாய்ச்சிவிட்டது. நோயாளியின் இருதயம் சில கணங்கள் நின்று, அவர் இருமியதும் மீண்டும் துடித்தது. அந்த விபத்திலிருந்துதான் இன்று நாம் ஆஞ்சியோகிராம் என்று வழங்கும் பரிசோதனை பிறந்தது.

அடைப்பைக் கண்டபின் அதை நீக்கும் ஆசை எழுவது இயல்பே. அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் 1964-இல் கால் தமனியைக் குழாயாலேயே அகலப்படுத்தினார். அதைக் கற்று, முனையில் சிறு பலூன் வைத்த குழாயைத் தம் வீட்டுச் சமையலறை மேஜையிலேயே செய்து பார்த்த ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 1977 செப்டம்பர் 16-இல் சூரிச் நகரத்தில், 38 வயதுள்ள ஒரு நோயாளியின் இருதயத் தமனியை, அவர் விழித்திருக்கும்போதே விரித்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபொழுதும் அந்தத் தமனி திறந்தே இருந்தது.

குருன்ட்சிக்கிடம் நான் மிகப் பெரிதாக மதிப்பது அவருடைய கைத்திறனை அல்ல, அவருடைய நேர்மையையே. முதல் 50 நோயாளிகளைப் பற்றி 1979-இல் வெளியிட்ட அறிக்கையில், 32 பேரிடத்தில் மட்டுமே முறை பலித்தது என்றும், ஐந்து பேருக்கு அவசரமாகப் பைபாஸ் சிகிச்சை செய்ய நேர்ந்தது என்றும் அவர் ஒளிக்காமல் எழுதினார். பிற வைத்தியர்களை அழைத்து, தாம் சிகிச்சை செய்வதை அப்படியே காணச் செய்தார்.

அந்த நேர்மை வழிவழியாகத் தொடர்ந்ததனால்தான் இம்முறை வளர்ந்தது. பலூனால் விரித்த தமனி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சில மாதங்களில் மீண்டும் குறுகுவதை மறைக்காமல் கண்டதனால், 1986-இல் துலூஸ், லோசான் நகரங்களில் தமனியைத் தாங்கிநிற்கும் ஸ்டென்ட் என்ற வலைக்கூடு பொருத்தப்பட்டது. அந்தக் கூட்டுக்குள்ளேயே சதை வளர்ந்ததைக் கண்டு, அதைத் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட் பின்னர் வந்தது; அதிலும் காலம் கடந்து ரத்தம் உறையக்கூடும் என்று தெரிந்ததனால், கூட்டின் கம்பிகள் மெலிந்தன, உறைதலைத் தடுக்கும் மாத்திரைகளின் முறையும் திருந்தியது. 2002-இல் ரூவான் நகரத்தில் அலென் கிரிபியே, குறுகிப்போன மகாதமனி வால்வுக்குள் மார்பைத் திறவாமலே புதிய வால்வு ஒன்றைக் குழாய் வழியே பொருத்தினார்; அறுவையைத் தாங்க இயலாத முதியவர் பலருக்கு அது ஆயுளை நீட்டித் தருகிறது.

இத்தனைக்குப் பிறகும், குழாய் ஓரிடத்து அடைப்பைத்தான் நீக்குகிறது. கொழுப்பு படியும் நோயோ தமனிகள் முழுவதிலும் பரவி நிற்கிறது. புகையிலையை விடுவதும், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்துவதும், மருந்தைத் தவறாமல் உண்பதும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் நீங்காத கடமைகள். சிகிச்சையால் ஆவது இன்னது, ஆகாதது இன்னது என்று நோயாளியிடம் தெளிவாகச் சொல்லும் வைத்தியரே இந்தப் பரம்பரைக்கு உண்மையான வாரிசு ஆவார்; ஏனெனில் போர்ஸ்மனின் துணிவு திறந்த வழியில், மனிதர் அஞ்சாமல் செல்லும்படி செய்தது தோல்வியைக் கணக்கில் எழுதிவைத்த அந்த நேர்மைதான்.