ராட்சசனின் கால் தரையில் படணும்

1917 ஜூனில் வில்ஃப்ரெட் ஓவன் எடின்பரோவின் ஓரத்தில் இருந்த கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். வயசு 24. பக்கத்தில் வெடித்த குண்டு தூக்கி எறிந்திருந்தது. பெரிய காயம் ஒன்றும் இல்லை. ஆனால் நடுக்கம், திக்கல், ராத்திரியில் கெட்ட கனவு. அன்றைக்கு இதற்குப் பெயர் ஷெல் ஷாக்.

கிரெய்க்லாக்கார்ட் என்றாலே எல்லோரும் டாக்டர் ரிவர்ஸைத்தான் சொல்வார்கள். (நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் தடிமனான புத்தகம் எழுதினாரே, அவரேதான்!) நடந்ததை அமுக்கி வைக்காதே, பேசு என்பது அவர் வழி. ஓவனுக்கு வாய்த்தவரோ ஆர்தர் பிராக் என்ற இன்னொரு டாக்டர். இவர் வழி வேறு: எழுந்திரு, நட, ஏதாவது வேலை செய்.

பிராக் கிரேக்கம் படித்தவர், கேலனை மொழிபெயர்த்தவர். அவருக்குப் பிடித்த கதை ஆண்டியஸ் என்ற ராட்சசனுடையது. கால் தரையில் இருக்கும்வரை அவனை யாராலும் ஜெயிக்க முடியாது. ஹெர்குலிஸ் அவனை அந்தரத்தில் தூக்கித்தான் கொன்றான். ஷெல் ஷாக் வந்தவனும் அப்படித் தரையை விட்டுப் போனவன்தான் என்றார் பிராக். ஓவனை அந்தக் கதையையே கவிதையாக எழுதவும் வைத்தார். மருத்துவமனைப் பத்திரிகைக்கு ஆசிரியர், இயற்கை ஆர்வலர் சங்கம், பக்கத்துப் பள்ளியில் பாடம் என்று ஓவனுக்கு ஓய்வே இல்லை. ஆள் தேறினார்.

தேறியதால் என்ன ஆச்சு? திரும்பப் போர்முனைக்குப் போனார். 1918 நவம்பர் 4ஆம் தேதி செத்துப்போனார். போர் முடிந்த 11ஆம் தேதிதான் தந்தி அம்மா கைக்கு வந்தது. அந்த வைத்தியத்தின் நோக்கமே சிப்பாயை ரிப்பேர் பண்ணித் திருப்பி அனுப்புவதுதானே.

பி.டி.எஸ்.டி என்ற பெயர் 1980இல்தான் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஏறியது. அதன் பிறகும் ரொம்ப காலம் பேச்சும் மாத்திரையும்தான் முக்கிய வைத்தியம். உடம்பு பக்கம் கவனத்தைத் திருப்பியவர்களில் ஒருவர் பாஸ்டன் டாக்டர் பெசல் வான் டெர் கோல்க். 2014இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சைக்கு மசியாத 64 பெண்கள். பாதிப் பேருக்கு 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா. மீதிப் பேருக்கு உடல்நலம் பற்றிய வகுப்பு. முடித்தவர்களில் யோகா குழுவின் 31 பேரில் 16 பேருக்கு, கடைசியில் பி.டி.எஸ்.டி என்று சொல்லும் அளவுக்கு அறிகுறிகள் இல்லை. மற்ற குழுவில் 29க்கு 6. பாதி வழி வரை இரண்டு குழுவும் தேறின. அப்புறம் வகுப்புக் குழு மட்டும் பின்வாங்கியது. சின்ன ஆய்வுதான். வேறு சிகிச்சையோடு சேர்த்துத்தான் யோகாவும் நடந்தது. யோகா மட்டும் போதும் என்று இதை வைத்துக் கிளம்பாதீர்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஆசனம் இல்லை, அதைச் சொல்லித்தரும் விதம். நம்ம ஊர் வகுப்பில் மாஸ்டர் 'மூச்சை இழு, நிறுத்து' என்று அதட்டுவார், முதுகைப் பிடித்து நிமிர்த்துவார். இங்கே ஆசிரியர் யாரையும் தொடுவதில்லை. 'வேணும்னா கையைத் தூக்கிப் பாருங்க, வேண்டாம்னா விட்டுடுங்க' என்கிற தொனி. தன் சம்மதம் இல்லாமல் உடம்புக்கு என்னவோ நடந்துபோன ஒருத்திக்கு, கையைத் தூக்குவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்வதுதான் அங்கே பயிற்சி. பிராக்கின் நோயாளிகளுக்கு அந்த 'வேண்டாம்' கிடையாது.